ரோட்டுக்குக் கொட்டின கிரவலுக்குள்ள கிடந்த கல்லுகள்

அன்பு மச்சாளுக்கு,

உன்ட வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டன். ரோட்டுக்குக் கொட்டின கிரவலுக்குள்ள, அதான் சரளை மண்ணுக்குள்ள, கிடந்த பழைய கல்லுகளப் பற்றி நீ கேட்டத வாட்ஸ்அப்பில துண்டு துண்டா சொல்ல ஏலா, அதான் ஆறுதலா இருந்து எழுதுறன். இஞ்ச எல்லாரும் சுகம், அம்மாக்கு முழங்கால் நோவு மட்டும் விடுறதா இல்ல. முன்மாரி வெள்ளாமை வெட்டி முடிஞ்சிது, விளைச்சல் நல்லம், விலைதான் வழமை போல வெட்டுற நேரம் பார்த்து இறங்கிட்டு. பெரியவன் கம்பஸ் லீவில வந்து நிக்கான், உன்னைக் கனக்க விசாரிச்சான்.

நம்மட ரோட்டு கடைசியா போடுறாங்க மச்சாள். 2014ல மட்டக்களப்பு வாவிக்கு மேலால மண்முனைப் பாலம் திறந்த பிறகும் பாலத்தால இறங்கி உள்ளுக்கு வந்தா அதே குண்டும் குழியும்தானே, மாரிக்குச் சேறு, கோடைக்குப் புழுதி. நீயும் நானும் பாதை எண்ட மிதவையில ஏறி ஆத்தைக் கடந்து டவுனுக்குப் படிக்கப் போன காலத்தில பிள்ளைப்பேத்துக்கு நோவு எடுத்த பொம்பிளைகள ட்ராக்டர் பெட்டியில ஏத்திக்கொண்டு போனத கண்ணால கண்டிருக்கம். அதால ரோட்டு வேணாம் எண்டு சொல்லுற ஆள் நான் இல்ல, வாவிக்கு மேற்கால இருக்கிற நம்மட படுவான்கரையில ஒரு ஆளும் அப்படிச் சொல்லாது. இத முதல்ல சொல்லிப்போட்டுத்தான் மற்றதச் சொல்லணும்.

ரோட்ட உசத்துற கிரவல் எங்கால வருது எண்டா மேற்கால காட்டோரம் இருக்கிற மேட்டு நிலத்தில பெர்மிட் எடுத்துத் தோண்டுற குழியில இருந்து. டிப்பரில கொண்டு வந்து ஸ்கூலுக்கு முன்னால கும்பி கும்பியா கொட்டுவாங்க, மறுகா பெக்கோ, அதான் மண்ணள்ளுற மெஷின், வந்து பரவும், ரோலர் ஓடும், மேல தார்க் கார்பெட் போட்டா சரி. அந்தக் கும்பியில பிள்ளைகள் ஏறி விளையாடுறது, நாங்க ஏசுறது, இதான் தினமும் நடக்கும். ஒரு நாள் இடைவேளை முடிஞ்சு என்ட பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன், மார்க்ஸ் எடுக்கிற பிள்ளை எண்டு ஆரும் சொல்லமாட்டாங்க ஆனா கண் சரியான கூர்மை, கையைப் பொத்திக்கொண்டு வந்து “டீச்சர் இந்தக் கல்லு கையை வெட்டிப்போட்டு, இதில ஆரோ வேலை செஞ்சிருக்காங்க போல” எண்டான். எனக்கு அந்த ரெண்டாவது வசனத்திலதான் மனசு நிண்டுது, வரலாறு படிப்பிக்கிற எனக்கே தோணாத ஒண்டு அவனுக்குத் தோணியிருக்கு.

கல்லு சின்ன விரல் நகத்தளவு. நாம வெள்ளைக்கல்லு எண்டு சொல்லுற குவாட்ஸ்தான், வெளிச்சத்துக்குப் பிடிச்சா பாதி ஊடுருவித் தெரியும். ஒரு விளிம்பு நேர், தொட்டா வெட்டும். மற்ற விளிம்பு பிறை வடிவா வளைஞ்சு, அந்த வளைவு முழுக்கப் பொடிப்பொடியா கொத்தி மழுக்கியிருக்கு. கல்லு தானா உடைஞ்சா வளைவு முழுக்க ஒரே பக்கத்தில இருந்து அப்படி ஒழுங்காக் கொத்து விழாது. அப்படி மழுக்குறது, அந்தப் பக்கத்த மரத்திலயோ அம்புத் தண்டிலயோ வச்சு பிசின் போட்டு ஒட்டுறதுக்கு, கூரான பக்கம் வெளியால நிக்கும். நுண்கற்கருவி எண்டு நாம புத்தகத்தில படிச்சமே, அதே சாமான். நான் உடனே பிள்ளைகளக் கூட்டிக்கொண்டு கும்பிக்குப் போய்ப் பார்த்தன், இன்னும் கொஞ்சம் சில்லுகள், கொத்திக் கழிச்ச துண்டுகள், அதோட உள்ளுக்குக் கறுப்பும் வெளியால சிவப்புமா இருக்கிற பானை ஓடும் கிடக்கு.

அந்த ஓட்டைக் கண்டதும் சந்தோசமும் வந்துது, வயிறும் எரிஞ்சிது. ஏனெண்டா கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் இரும்புக் காலத்து ஆக்கள்ட, நம்மட நாட்டில ஏறக்குறைய மூவாயிரம் வருஷத்துக்குள்ள வாறது. அந்தப் பிறைக்கல்லு எத்தனையோ ஆயிரம் வருஷம் முந்தினதா இருக்கலாம். ரெண்டும் ஒரே டிப்பர் லோட்டில ஒண்டாக் கலந்து கிடக்கு எண்டா மேல இருந்த மண்ணையும் கீழ இருந்த மண்ணையும் பெக்கோ ஒரே வாளியில அள்ளியிருக்கு. விதைநெல்லு மூட்டையில கட்டின சீட்டைக் கழட்டி எறிஞ்சா நெல்லு நெல்லுதான், ஆனா என்ன இனம், எந்த வயல் வட்டையில விளைஞ்சது எண்டு ஆருக்கும் சொல்ல ஏலாதே, அப்படித்தான் இப்ப என்ட மேசையில கிடக்கிற கல்லுகள்.

நீ ஆர்வத்தில “ஒண்டு ரெண்டு அனுப்பு, இங்க கேம்பிரிட்ஜில ஆருகிட்டயும் குடுத்து வயசு பார்ப்பம்” எண்டாய். உன்ட மனசு விளங்குது, ஆனா முதலாவது, தொல்பொருள லைசன்ஸ் இல்லாம நாட்டுக்கு வெளியால அனுப்ப சட்டம் விடாது. ரெண்டாவது, அனுப்பினாலும் பிரயோசனம் இல்ல. கல்ல உடைச்ச வருஷம் கல்லில எழுதியிருக்காது. அது கிடந்த மண்ணில கரித்துண்டு இருந்தா கார்பன் வச்சுப் பார்க்கலாம், அதுவும் ஐம்பதாயிரம் வருஷத்துக்குக் கிட்ட வரைக்கும்தான். அதுக்கு மேல எண்டா மண் துகள் கடைசியா வெயில் கண்டது எப்ப எண்டு அளக்கிற முறை ஒண்டு இருக்கு, அதுக்கு இருட்டில, கலையாம கிடக்கிற மண்ணில இருந்து மாதிரி எடுக்கணும். தமிழ்நாட்டில அத்திரம்பாக்கத்தில 385,000 வருஷம் பழைய கருவிகள் எண்டு 2018ல வெளியிட்டாங்களே, அது அப்படிப் பார்த்ததுதான். நம்மட கல்லோட வந்த மண்ணு டிப்பரில ஏறி இறங்கி, வெயில்ல காய்ஞ்சு, இப்ப ரோலருக்குக் கீழ போயிட்டு.

அந்த அத்திரம்பாக்கத்துக்குப் பின்னால ஒரு கதை இருக்கு, நான் இப்ப எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன். ராபர்ட் புரூஸ் ஃபூட் எண்ட நிலவியல்காரர் 1863 மே 30ல சென்னைக்குப் பக்கத்தில பல்லாவரத்தில கல்லால செஞ்ச ஒரு கைக்கோடரிய எடுத்தவர். இந்தியாவில பழைய கற்காலம் இருந்தது எண்டு உலகத்துக்குக் காட்டினது அந்த ஒரு கல்லு. எங்க எடுத்தவர் தெரியுமா, சரளைக்கல்லுத் தோண்டின குழியில! அண்டைக்குப் பெக்கோ இல்ல, மண்வெட்டிதான், அதால கல்லு அவர்ட கண்ணுக்குப் படுற வேகத்தில வெளியால வந்திருக்கு. அவரும் அதோட விடாம நாலு மாதத்தில அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடிச்சிட்டார்.

நம்மட நாட்டிலயும் அப்படித்தான், பழைய மனுஷர்ட கருவி கனக்க இடத்தில சரளைப் படையிலதான் கிடக்கு. இரணைமடுப் படிவு எண்டு சொல்லுறது, கீழ சரளை, மேல செம்மண், அம்பாந்தோட்டைப் பக்கம் பத்திராஜவெலயில அப்படியொரு சரளையில எடுத்த கருவிகளுக்கு ஏறக்குறைய 125,000 வருஷம் எண்டு தொல்லியல்காரர் சிரான் தெரணியகல சொன்னவர். குகையெண்டா பாஹியங்கல, அங்க இந்த மாதிரிப் பொடிக் கல்லுக்கருவிகள் ஏறக்குறைய 48,000 வருஷத்துக்கு முந்தியே செஞ்சிருக்காங்க. நம்மட பக்கம் எண்டா, 1907ல சரசின் எண்ட ரெண்டு சுவிஸ்காரர் வந்து நில்கல குகையில கல்லுக்கருவி எடுத்திருக்காங்க, இங்கினியாகலைக்கு அங்கால இருக்கிற அதே நில்கல காடுதான். கதிரவெளிப் பக்கம் பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கு. இவ்வளவும் சுத்திவர இருக்க படுவான்கரை மேட்டில மட்டும் மனுஷர் நடக்காமலா இருந்திருப்பாங்க? குகைய ஆரும் கிரவலுக்குத் தோண்டமாட்டாங்க, அதால அது மிஞ்சும். வெட்டவெளியில மனுஷர் இருந்த இடம்தான் முதல்ல டிப்பரில ஏறுறது.

நீ தினமும் கார்ல போற ஏ14 ரோட்டைப் பற்றிச் சொல்லித்தந்ததே நீதான், மறந்திருப்பாய். ஹன்டிங்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையில அந்த ரோட்டப் புதுசா போட முந்தி 250 தொல்லியல்காரர இறக்கி இடம் இடமா தோண்ட விட்டிருக்காங்க, புதிய கற்காலத்து வட்ட அமைப்பு மூண்டு, மம்மத் எண்ட அழிஞ்சுபோன கம்பளி யானைட எலும்பு, கி.மு. 400 அளவில பியர் காய்ச்சின தடயம், இன்னும் எத்தனையோ எடுத்துப் பதிவு செஞ்சு மறுகா ரோட்டப் போட்டாங்க, 2020ல திறந்தும் விட்டாங்க. ரோட்டும் வந்துது, தெரிய வேண்டியதும் தெரிஞ்சுது. நம்மட நாட்டில அவ்வளவு காசு இல்ல, ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஒரு கிரவல் குழிக்குப் பெர்மிட் குடுக்க முந்தி விஷயம் தெரிஞ்ச ரெண்டு பேர் வந்து ஒரு நாள் நடந்து பார்க்கிறதுக்கு என்ன பெரிய காசு வேணும்?

பிந்தினா என்ன நடக்கும் எண்டதுக்கு அமெரிக்காவில ஒரு கதை. கலிபோர்னியாவில சான் டியாகோ பக்கம் 54ஆம் இலக்க ரோட்டு வேலையில 1992ல மஸ்டொடன் எண்ட பழைய யானை இனத்து எலும்புகள் வந்துது, உடைஞ்ச எலும்பு, பக்கத்தில பெரிய கல்லுகள். 2017ல கொஞ்ச ஆய்வாளர், இது 130,000 வருஷத்துக்கு முந்தி மனுஷர் கல்லால அடிச்சு உடைச்ச எலும்பு எண்டு எழுதினாங்க. அமெரிக்காவுக்கு மனுஷர் வந்ததே பதினஞ்சு இருவதாயிரம் வருஷத்துக்கு முந்தித்தான் எண்டு சொல்லிக்கொண்டிருந்த ஆக்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! உடன மற்றப் பக்கம் என்ன கேட்டாங்க எண்டா, எலும்ப உடைச்சது மனுஷனா, ரோட்டு வேலைக்கு வந்த பாரமான மெஷினா எண்டு. அங்க மியூசியத்து ஆள் வேலை நடக்கிற இடத்தில நிண்டு பார்த்துக்கொண்டிருந்தும் இந்தச் சண்டை இண்டைக்கும் முடியல்ல. நம்மட குழியில ஆரு நிண்டது? குவாட்ஸ் கல்லு வேற ஒழுங்கா உடையாத சாதி, பெக்கோ வாளி பட்டாலும் கூரா சில்லு தெறிக்கும். அதால நான் எடுத்த சில்லுகளில பாதிக்கு மேல மெஷின் உடைச்சதாத்தான் இருக்கும் எண்டு பிள்ளைகளுக்கு சொல்லியிருக்கன். அந்தப் பிறைக்கல்லு வேற, அத மெஷின் செய்யாது, அதில எனக்குச் சந்தேகமே இல்ல.

குழிய நேரில போய்ப் பார்த்தம். தோண்டின சுவர் ஆள் உயரத்துக்கு மேல, மேல கறுத்த மண், அதுக்குக் கீழ செம்பழுப்பு, அடியில கல்லும் மண்ணுமா இறுகின கிரவல். மேற்குப் பக்கத்து மூலை இன்னும் தோண்டல்ல. சுவர்ல கை வைக்கக் கூடாது எண்டு பிள்ளைகளுக்குச் சத்தியம் வாங்கித்தான் கிட்டப் போக விட்டன், கீறாம போட்டோ மட்டும் எடுத்தம், அளவு தெரிய பக்கத்தில அடிமட்டம் வச்சு, போன்ல இடத்தையும் குறிச்சு. டிப்பர் ஓடுற தம்பியும் வந்து நிண்டு பார்த்தார், “டீச்சர் எவ்வளவு லோட் கொண்டு போயிருப்பன், கல்லு எண்டுதான் நினைச்சன், ஒரு சொல்லு ஆரும் சொல்லியிருந்தா பார்த்து இறக்கியிருப்பனே” எண்டார். அவர்ல என்ன பிழை, அவருக்கு ஆரும் சொல்லல்லதானே.

இனித்தான் கஷ்டமான கதை. சட்டம் இல்லாம இல்ல. 1940ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் இருக்கு, 1815 மார்ச் 2க்கு முந்தின சாமான் கண்டெடுத்தா அறிவிக்கணும். 2000ல வந்த வர்த்தமானிப்படி கால் ஹெக்டேருக்கு மேல போற வேலைக்கு முதல்ல தொல்லியல் பாதிப்பு இருக்கா எண்டு பார்த்துத்தான் அனுமதி. இத நான் நம்மட விவசாய அமைப்புக் கூட்டத்தில சொல்லக்குள்ள வயல் தண்ணி பார்க்கிற வட்டவிதானையார் எழும்பி, “டீச்சர், நல்லதுக்குத்தான் சொல்லுறீங்க, ஆனா அறிவிச்சா நாளைக்குப் போர்ட் நட்டுட்டு எங்கள வயலுக்குள்ள இறங்க விடமாட்டாங்க, கல்லு கிடந்த மாதிரிக் கிடக்கட்டும்” எண்டார். கூட்டமே தலையை ஆட்டிச்சு. அவங்கள நான் எப்படிக் குறை சொல்லுற? 2020 ஜூன்ல கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கு எண்டு ஜனாதிபதி செயலணி போட்டாங்க, பாதுகாப்புச் செயலாளர் தலைமை, கிழக்கில முக்கால்வாசிப் பேர் தமிழரும் முஸ்லிமும், ஆனா முதல்ல அறிவிச்ச பட்டியலில அந்த ரெண்டு பக்கத்தாலயும் ஒராள் இல்ல. அதுக்குப் பிறகு தொல்லியல் எண்ட சொல்லக் கேட்டாலே நம்மட சனத்துக்குக் காணிதான் ஞாபகம் வருது. பயத்தில சனம் வாயை மூட, அங்கால டிப்பர் ஓட, ரெண்டுக்கும் நடுவில அழியிறது அந்த இடம்தான் மச்சாள்.

இன்னொரு பக்கமும் இருக்கு. போட்டோவைக் கண்டதும் உன்ட அண்ணன் கோல் எடுத்து, இது நம்மட ஆக்கள்ட தானே, பேஸ்புக்கில போடு, உலகம் பார்க்கட்டும் எண்டார். அவர்ட ஆசை எனக்கு விளங்கும், ஆனா நான் போடமாட்டன் எண்டுட்டன். அந்தப் பிறைக்கல்லக் கொத்தின கை எந்தப் பாஷை பேசினது எண்டு ஆருக்கும் சொல்ல ஏலா, தமிழ் எண்டோ சிங்களம் எண்டோ பிடிக்க ஏலா, ரெண்டும் பிறக்க முந்தின காலமாவும் இருக்கலாம். சாமி இல்ல, ராஜா இல்ல, காணி உறுதி இல்ல, ஒப்பம் இல்ல. பலாங்கொட மனுஷன் எண்டு சொல்லுற நம்மட நாட்டுக் கற்கால மனுஷர்ட எலும்பையும் வேடர்ட உடலமைப்பையும் ஒப்பிட்டுத் தொடர்பு இருக்கு எண்டு எழுதியிருக்காங்க, அப்படிப் பார்த்தா வாகரைப் பக்கத்தில இண்டைக்கும் இருக்கிற வேட ஆக்களுக்குத்தான் முதல்ல உரிமை கொண்டாடலாம், அவங்கள ஆரும் எந்தச் செயலணியிலயும் சேர்த்த மாதிரித் தெரியல்ல. இந்தக் கல்ல வச்சு ஆரும் ஆர்ட காணியையும் கேட்க ஏலாது. அதத்தான் நான் ஒவ்வொருத்தரா இருத்தி வச்சுக் கதைச்சன், வட்டவிதானையாரோட ரெண்டு மூண்டு பின்னேரம் வயல் வாடியில இருந்து கதைச்சன், அவர்ட பேத்தியும் என்ட வகுப்புத்தான், அவதான் கடைசியா தாத்தாவ மடக்கினது.

முடிவா என்ன செஞ்சம் எண்டா, விவசாய அமைப்பும் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கரும் ஸ்கூலும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினம். அதில ரெண்டு விஷயம், மேற்கு மூலையத் தோண்டாம நிப்பாட்டணும், வந்து பார்க்கக்குள்ள ஊராக்களையும் தமிழ் தெரிஞ்ச ஒரு ஆய்வாளரையும் கூட வச்சுத்தான் பார்க்கணும், எழுதுற ரிப்போர்ட்ட எங்கட பாஷையிலயும் தரணும். எழுதி முடிச்சாப் பிறகுதான் அது மூண்டாப் போயிட்டு, சரி இருக்கட்டும். ஜீஎஸ், அதான் கிராம சேவகர், மூலமா டிஎஸ் ஒபிசுக்கு, பிரதேச செயலகத்துக்கு, குடுத்தாச்சு, கொப்பிய வந்தாறுமூலைக் கம்பசில, அதான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில, படிப்பிக்கிற ஒராளுக்கும் அனுப்பினம், அவர் போட்டோவப் பார்த்திட்டு வாறன் எண்டிருக்கார். பெர்மிட்காரர் நல்ல மனுஷன், மறுமொழி வாற வரைக்கும் அந்த மூலைக்குப் போகமாட்டன், கிழக்குப் பக்கம் தோண்டுறன் எண்டு வாக்குத் தந்திருக்கார். ஆனா மாரி பிறந்தா குழிக்குள்ள தண்ணி நிண்டு சுவர் இடிஞ்சு விழும், அதுக்கு முந்தி ஆரும் வந்து பார்த்தாத்தான் உண்டு. பதில் வராட்டி வாற மாதம் நேர கச்சேரிக்கே, அதான் மாவட்டச் செயலகத்துக்கே, போறது எண்டு முடிவெடுத்திருக்கம்.

உன்னால ஏலுமெண்டா எனக்கு ரெண்டு உதவி செய். கேம்பிரிட்ஜில தொல்லியல் மியூசியம் இருக்கெண்டு சொன்னாயே, ஒரு சனிக்கிழமை போய் அங்க இருக்கிற நுண்கற்கருவிகள அளவு தெரியிற மாதிரி போட்டோ எடுத்தனுப்பு, போட்டோ எடுக்கலாமா எண்டு கேட்டுப்போட்டு எடு. மற்றது, மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு வாறன் எண்டாய், வரக்குள்ள பத்து மடங்கு பெரிசாக் காட்டுற கைலென்ஸ் நாலைஞ்சு கொண்டு வா, விலை கூட எண்டா ரெண்டு போதும், பிள்ளைகளுக்குத்தான். அந்தப் பொடியன் இப்ப கிரவல் கும்பிக்குப் பக்கத்தில ஒரு கொப்பியும் கையுமா நிக்கான், எந்த நாள் எந்த டிப்பர் எந்தப் பக்கத்து மண்ணைக் கொண்டு வந்தது எண்டு ட்ரைவர்மாரக் கேட்டுக் கேட்டு எழுதுறான், அவங்களும் சலிக்காம சொல்லுறாங்க.

அம்மா உன்ட மகளுக்குப் பலகாரம் சுட்டு வைக்கப் போறாவாம், என்ன விருப்பம் எண்டு கேட்டு எழுது. கரைச்சல் இல்லாட்டி முழங்காலுக்குப் பூசுற அந்த ஒயின்மன்டும் ஒண்டு கொண்டு வா. அண்ணனுக்குச் சொல்லு, கோவம் வேணாம், வந்து குழியைக் கண்ணால பார்க்கட்டும், நானே கூட்டிக்கொண்டு போறன்.

அன்போட,
உன்ட மச்சாள்